தண்ணியைக் குடிக்க விடுங்கோ, சலத்தைப் போக விடுங்கோ

விசுவமடு, றெட்பானா, தேராவில், உடையார்கட்டுப் பக்கமிருந்து இம்முறை வந்த கேள்விகள் அனேகமாக ஒரே விசயத்தைத்தான் சுத்தி வந்திருக்கின்றன: பிள்ளை பிறந்த வீட்டில் வாற சலக்கடுப்பு. ஆகவே சினிமாக் கேள்விகளும் அரசியல் கேள்விகளும் அடுத்த இதழுக்கு. பெயர் போட வேண்டாம் என்று எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள், போடவில்லை.

கேள்வி: பிள்ளை பிறந்து ஆறு நாள். சலம் போகேக்க எரியுது. "தையல் எரிவு, எல்லாருக்கும் இருக்கிறதுதான்" எண்டு மாமி சொல்லுறா. அப்பிடியோ?
– இளம் தாய், றெட்பானா

பதில்: மாமி சொல்வது பாதி சரி. தையல் போட்ட இடத்தில் சலம் பட்டால் எரியும். அந்த எரிவு வெளியில் இருக்கும்; சலம் தோலில் படுகிற நேரம் மட்டும் இருக்கும்; நாளுக்கு நாள் குறையும். ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணியைக் காயத்தில் ஊத்திக்கொண்டே சலம் போய்ப் பாருங்கோ. எரிவு அடங்கினால் அது அனேகமாகத் தையல்தான்.

கிருமி எரிவு உள்ளுக்குள் எரியும். சலம் முடிகிற நேரத்தில் சுள்ளென்று பிடிக்கும். போயிட்டு வந்து பாயில் சாய முன்னம் திரும்ப முட்டும். போனால் நாலு சொட்டு. சலம் கலங்கியிருக்கும், மணக்கும், அடிவயிறு நோகும். இதில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஒன்றுமில்லை, ஆனால் எரிவு மட்டும் குறையவில்லை என்றால் நாளைக்கு மிட்வைஃபிடம் சொல்லுங்கோ. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் நாளை என்ற கதையே இல்லை.

கேள்வி: பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க ஒரு கரைச்சலும் இல்லை. பெத்த பிறகு ஏன் இந்த வருத்தம்?
– தேராவில்

பதில்: பெண்ணின் சலவழி நாலு சென்ரிமீற்றர் அளவுதான் நீளம். ஆணுக்கு இருபது வரை. மலவாசலைச் சுற்றி இருக்கிற கிருமிக்குப் பெண்ணின் சலப்பைக்குள் ஏற அதிக தூரம் இல்லை. இது எப்போதும் உள்ள நிலைமை. பிரசவம் இதன்மேல் வேறு பலதைச் சேர்க்கிறது.

கர்ப்பகாலத்தில் உடம்பில் கூடுகிற ஓமோன் சிறுநீரகத்திலிருந்து வருகிற குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளர்கிற கருப்பை அவற்றை, விசேசமாக வலப்பக்கக் குழாயை, அழுத்துகிறது. சலம் மெதுவாக இறங்குகிறது, தங்குகிறது. பிள்ளை பிறந்த மறுநாளே இது பழையபடி ஆகிவிடாது. ஆறு, எட்டுக் கிழமை செல்லும். பிரசவ நேரத்தில் பிள்ளையின் தலை சலப்பையையும் அதன் நரம்புகளையும் நெரிக்கிறது. நெரிபட்ட சலப்பை சிலநாள் மரத்துக் கிடக்கும். நிறைந்தாலும் முட்டுகிற உணர்வு வராது. அதே நாட்களில்தான் உடம்பு, கர்ப்பத்தில் சேர்த்து வைத்த நீரையெல்லாம் சலமாக வெளியே தள்ளுகிறது. வரத்து கூட, உணர்வு குறைவு. ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடியாது, தேங்கின குட்டையில் பிடிக்கும். சலப்பைக்கும் அதே கணக்குத்தான்.

இதோடு குத்து நீண்ட நேரம் நீடித்தது, உள்பரிசோதனை பல தரம் நடந்தது, ஆயுதம் வைத்துப் பிள்ளையை எடுத்தது, சலக்குழாய் போட்டது, சீசர் பண்ணினது, தாய்க்குச் சீனி வருத்தம் இருந்தது, கர்ப்பகாலத்தில் ஒருக்கா கிருமி வந்தது என்று ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும். டென்மார்க்கில் 2004 முதல் 2010 வரை நடந்த நாலரை இலட்சம் பிரசவங்களை எடுத்துப் பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பின் முதல் மாதத்தில் சலத்தொற்றுக்கு மருந்து எடுத்தவர்கள் நூற்றுக்கு 3.6 பேர். சீசர் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்களில் 4.6, சாதாரணப் பிரசவத்துக்குத் தயாரானவர்களில் 3.5. வீட்டுக்குள் ரொயிலற்றும் திருப்பினால் தண்ணியும் உள்ள நாட்டுக் கணக்கு இது. இதில் பெண்ணின் பிழை எங்கே இருக்கிறது? ஓரிடத்திலும் இல்லை. "நீ சுத்தமாய் இருந்திருக்க மாட்டாய்" என்று பிள்ளை பெத்தவளைப் பார்த்துச் சொல்கிற வாயை முதலில் மூடவேண்டும்.

கேள்வி: அம்மம்மா தண்ணி தரமாட்டன் எண்டுறா. தண்ணி குடிச்சா வயிறு வைக்குமாம், காயம் ஆறாதாம். ஒரு நாளைக்கு ரெண்டு கோப்பை சரக்குத்தண்ணிதான். வாய் காஞ்சு போய்க் கிடக்கிறன்.
– பதினொராம் நாள் தாய், விசுவமடு

பதில்: தங்கச்சி, உங்கட கேள்விக்குத்தான் முதலில் பதில் எழுதினேன். மற்றதெல்லாம் பிறகு எழுதினது.

பால் கொடுக்கிற தாயின் உடம்பிலிருந்து ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர் அளவு பாலாகவே போகிறது. வன்னி வெயிலில் வியர்வையாகப் போவது வேறு. மூடின அறையும், பக்கத்தில் அடுப்பும், வயிற்றைச் சுற்றி இறுக்கின சேலையும் வேறு. இத்தனைக்கும் இரண்டு கோப்பை சரக்குத்தண்ணி என்றால் சலம் எங்கே இருந்து வரும்? வருகிறதும் கடும் மஞ்சளாய், கொஞ்சமாய், எரிச்சலோடு வரும். சலம் ஓடினால்தான் உள்ளே ஏறின கிருமி கழுவுப்பட்டுப் போகும். 2018இல் வெளியான ஒரு ஆய்வில், அடிக்கடி சலத்தொற்று வருகிற 140 பெண்களில் பாதிப்பேரை வழமையை விட ஒன்றரை லீற்றர் கூடக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடம் பார்த்தார்கள். கூடக் குடித்தவர்களுக்குத் தொற்று மற்றவர்களை விடப் பாதியளவுக்குக் குறைந்தது. அவர்கள் பிள்ளை பெத்தவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. ஆனால் தண்ணி செய்கிற வேலை எல்லாச் சலப்பையிலும் ஒன்றுதான்.

தண்ணி குடித்து வயிறு வைப்பதில்லை. பத்து மாதம் விரிந்த தசை சுருங்க நாள் எடுக்கும், அதுதான் வயிறு. காயமும் தண்ணியால் ஆறாமல் போவதில்லை. தண்ணி இல்லாமல் மலம் இறுகி, முக்கிமுக்கித்தான் தையல் இழுபடும். மலச்சிக்கல் சலப்பையையும் அடைக்கும்.

அம்மம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவ உங்களில் உள்ள அன்பில்தான் மறிக்கிறா. சரக்குத்தண்ணியை நிப்பாட்டச் சொல்லவும் வேண்டாம். மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள் போட்ட பத்தியக்கறி நல்ல சாப்பாடு. பச்சைத்தண்ணிதான் பயம் என்றால் கொதிச்சாறின தண்ணியை இளஞ்சூட்டில் குடியுங்கோ. மல்லித்தண்ணியும் தண்ணிதான். ஒவ்வொரு தரமும் பிள்ளைக்குப் பால் கொடுக்க இருக்கும்போது பக்கத்தில் ஒரு பெரிய கோப்பை நிறைய வைத்துக்கொண்டு குடித்து முடியுங்கோ. பிள்ளை எட்டுத் தரம், பத்துத் தரம் குடிக்கும். நீங்களும் அத்தனை தரம் குடித்தால் போதும். அளவு சரியா என்று அறியச் சலத்தின் நிறத்தைப் பாருங்கோ. வெளுத்த மஞ்சள் என்றால் சரி. தேயிலைச் சாயம் மாதிரி இருந்தால் இன்னும் குடியுங்கோ. இதய வருத்தமோ பிரசர் வருத்தமோ இருந்து வைத்தியர் தண்ணிக்கு அளவு சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொன்னதைக் கேளுங்கோ.

கேள்வி: நான் ஏழு பிள்ளை பெத்தனான். எல்லாம் வீட்டிலை. எனக்கு இந்தச் சலத்தொற்று ஒண்டும் வரேல்லை. இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத்தான் எல்லா வருத்தமும்.
– ஒரு அம்மம்மா, உடையார்கட்டு

பதில்: ஏழு பிள்ளையை வீட்டில் பெற்று வளர்த்த உங்களைக் கும்பிடுகிறேன் அம்மா. ஆனால் உங்கட ஊரில் "பிள்ளை பெத்துச் சன்னி கண்டு செத்தவள்" என்று யாரையும் நினைவில்லையா? ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒருத்தியின் கதை இருக்கிறது. காய்ச்சல், நடுக்கம், பிதற்றல், மூன்றாம் நாள் முடிவு. அதில் கருப்பைக் கிருமியும் இருந்தது, சலத்திலிருந்து இரத்தத்துக்கு ஏறின கிருமியும் இருந்தது. பேய்க்குணம் என்று நூல் கட்டினார்கள்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். வியன்னா ஆஸ்பத்திரியில் 1847இல் செம்மெல்வைஸ் என்ற வைத்தியர், பிணம் அறுத்த கையோடு பிரசவ விடுதிக்கு வந்த வைத்தியர்களைக் குளோரின் கலந்த தண்ணியில் கைகழுவ வைத்தார். அந்த வருடம் ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் செத்த விடுதியில், சில மாதங்களில் அது இரண்டளவுக்கு இறங்கியது. கை கழுவினது மட்டும்தான் மாற்றம். இன்றைக்கும் உலகில் பிரசவத்தை ஒட்டிச் சாகிற தாய்மாரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் கிருமி இரத்தத்தில் ஏறித்தான் சாகிறார்கள். நீங்கள் தப்பினது உங்கட பாக்கியம். உங்கட பேத்தி பாக்கியத்தை நம்பி இருக்கத் தேவையில்லை. பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

கேள்வி: மனிசிக்கு சீசர். குழாயைக் கழட்டின பிறகு சலம் போகேல்லை. "போகும், போகும்" எண்டு விட்டிட்டம். எவ்வளவு நேரம் பாக்கலாம்?
– ஓட்டோ ஓட்டுபவர், தர்மபுரம்

பதில்: ஆறு மணித்தியாலம். அதற்கு மேல் ஒரு நிமிசமும் இல்லை. பிரசவம் முடிந்து ஆறு மணித்தியாலத்துக்குள் தாய் சலம் போனாளா என்று பார்த்துப் பதிய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழாயைக் கழட்டின பிறகும் அதே கணக்குத்தான். விடுதியில் தாதிமாருக்கு நாற்பது வேலை இருக்கும். "என்ர மனிசி இன்னும் சலம் போகேல்லை" என்று நீங்கள் வாய்திறந்து சொல்லவேண்டும். அதில் வெட்கமும் இல்லை, தொந்தரவும் இல்லை.

இன்னொன்று. "போகுது, ஆனால் சொட்டுச் சொட்டாய்ப் போகுது" என்றால் அதுவும் போகாததற்குச் சமம். சலப்பை முட்ட நிறைந்து வழிவதுதான் அப்படிச் சொட்டும். தொப்புளுக்குக் கீழே தடவிப் பார்த்தால் ஒரு மேடு தெரியலாம். அளவுக்கு மிஞ்சி நிறைந்த சலப்பை பிறகு சுருங்க மறுக்கும், தங்கின சலத்தில் கிருமி பெருகும், நிறைந்த பை கருப்பையைச் சுருங்க விடாமல் தள்ளி இரத்தப்போக்கையும் கூட்டும். பைப்பைத் திறந்து தண்ணிச் சத்தம் கேட்க வைப்பது, இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்துவது, எழும்பி நடக்க வைப்பது, நோவுக்கு மருந்து கொடுப்பது, ஆள் பார்க்காத மறைப்பு ஒன்று கொடுப்பது எல்லாம் உதவும். உதவாவிட்டால் திரும்பவும் குழாய் போட்டு எடுக்கத்தான் வேண்டும்.

குழாய் கிடக்கிற ஒவ்வொரு நாளும் சலத்தில் கிருமி காண்கிற வாய்ப்பு நூற்றுக்கு மூன்று தொடக்கம் ஏழு கூடும் என்பது ஆஸ்பத்திரிகளில் பழைய கணக்கு. அதனால்தான் தேவை இல்லாவிட்டால் சீசர் முடிந்த உடனேயே குழாயை எடுத்துவிடலாம் என்று 2019இல் வந்த வழிகாட்டல் ஒன்று சொல்கிறது. "இந்தக் குழாயை எப்ப கழட்டுவியள்?" என்று கேட்கிற உரிமை தாய்க்கு இருக்கிறது. குழாய் இருக்கும் வரை பையை இடுப்புக்குக் கீழே வையுங்கோ, நிலத்தில் முட்ட விடாதீங்கோ, கட்டிலில் தாய்க்குப் பக்கத்தில் தூக்கி வைக்காதீங்கோ.

கேள்வி: எங்கட ரொயிலற் வளவின்ர கடைசி மூலையில. ராத்திரியில் பாம்புப் பயம், நாய்ப் பயம். விடியும் மட்டும் அடக்கிக்கொண்டு கிடக்கிறன். குழந்தையை விட்டிட்டு எப்பிடிப் போறது?
– இளங்கோபுரம்

பதில்: போகவேண்டாம். அறைக்குள்ளேயே போங்கோ.

மூடி உள்ள ஒரு பிளாஸ்ரிக் வாளியோ பேசினோ தனியாக வாங்கி, அறை மூலையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிவிடுங்கோ. இரவில் அதில் போய், விடிய வீட்டுக்காரர் கொண்டுபோய் ரொயிலற்றில் ஊத்தட்டும். ஊத்துவது கணவனின் வேலை. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பிள்ளை பெத்தவளின் சலத்தைத் தூக்கி ஊத்த வெட்கப்படுகிறவர், அவள் காய்ச்சலோடு கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்தால் என்னென்ன தூக்க வேண்டி வரும் என்று யோசிக்கட்டும். வாளியை ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கோ.

எங்கட பெண்களுக்கு அடக்கிப் பழக்கம் வந்ததுக்குக் காரணம் இருக்கிறது. 2009இல் யுத்தத்தில் விசுவமடுச் சனம் பங்கருக்குள்ளும் தெருவிலும் கிடந்து, பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் போனது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் அடைபட்டுக் கிடந்த இடம் அது. மலசலகூடத்துக்கு வரிசை, தண்ணிக்கு வரிசை, இருட்டினால் வெளியில் போகப் பயம். 2012 செப்ரெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. தண்ணியைக் குறைத்துக் குடி, சலத்தை அடக்கு என்று அங்கே தாய் பிள்ளைக்குச் சொன்னாள். அப்போது அதைவிட வேறு வழி இருக்கவில்லை. அன்று ஏழு, எட்டு வயதாக இருந்த பெண்பிள்ளைகள்தான் இன்று பிள்ளை பெறுகிறார்கள். முகாம் போய்விட்டது. அடக்குகிற பழக்கமும் போகவேண்டும். இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா, முட்டினாலும் முட்டாவிட்டாலும் போங்கோ. அவசரப்படாமல் இருந்து, முழுக்கப் போகவிட்டு எழும்புங்கோ.

கேள்வி: கால் கழுவ டெற்றோல் விடலாமோ?
– புன்னைநீராவி

பதில்: வேண்டாம். தண்ணி போதும்.

கேள்வி: வேப்பிலை, நொச்சி, ஆடாதோடை அவிச்ச தண்ணியிலை முழுக வாக்கிறது கூடாதோ?
– முன்னவரின் மாமி

பதில்: தாராளமாக முழுக வாருங்கோ மாமி. உடம்பு அலுப்புக்கு நல்லது. கொதிக்கக் கொதிக்க அடிவயிற்றில் அறைந்து ஊத்த வேண்டாம், இலைச்சாந்து எதையும் காயத்திலும் உள்ளேயும் வைக்க வேண்டாம். கழுவும்போதும் துடைக்கும்போதும் முன்னிருந்து பின்னுக்கு. பாட் என்றாலும் துணி என்றாலும் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ. துணியைத் துடக்குத்துணி என்று கோடிக்குள் ஒளித்துக் காயப்போடாதீங்கோ; நல்ல வெயிலில், கொடியில், வெளிச்சமாய்ப் போடுங்கோ. மாத்த முன்னமும் மாத்தின பிறகும் கை கழுவச் சவர்க்காரம் ஒன்று கிணத்தடியில் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: சலம் சோதிக்கச் சொன்னவை. வீட்டிலை போத்திலில் எடுத்து வைச்சு மத்தியானம் கொண்டுபோய்க் குடுத்தனான். "பஸ் செல்ஸ்" கனக்க எண்டு வந்திருக்கு. மருந்து தொடங்கலாமோ?
– குமாரசாமிபுரம்

பதில்: அந்த றிப்போட்டை நான் நம்பமாட்டேன். வைத்தியரும் திரும்ப எடுக்கச் சொல்வார்.

பிள்ளை பெத்தவளுக்குச் சில கிழமைக்குத் தீட்டு போய்க்கொண்டே இருக்கும். அது சலத்தோடு கலந்தால் இரத்தமும் சீழ்க்கலமும் றிப்போட்டில் காணத்தான் செய்யும். சலத்தில் கிருமி இருக்கிறதா, வெளியிலிருந்து கலந்ததா என்று தெரியாது. இப்படிச் செய்யுங்கோ: முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. பிறகு அந்த இடத்தைத் தண்ணியால் முன்னிருந்து பின்னுக்குக் கழுவித் துடைத்து, சுத்தமான பஞ்சுத்துண்டு ஒன்றை யோனி வாசலில் வைத்து மறையுங்கோ. இரண்டு விரலால் விரித்துப் பிடித்து முதல் வாற சலத்தை நிலத்தில் விட்டு, நடுவில் வாறதை ஆஸ்பத்திரியில் தந்த போத்திலில் பிடித்து, கடைசியையும் வெளியில் விடுங்கோ. போத்திலின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. முடிந்ததும் பஞ்சை மறக்காமல் எடுத்து எறியுங்கோ. பிடித்த சலத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும். வெயிலில் ஓட்டோவில் அரைநாள் சுத்தின போத்திலுக்குள் கிருமி பெருகியிருக்கும். ஆகவே வீட்டில் எடுக்காமல் ஆஸ்பத்திரியில் போய் எடுப்பதே சுகம்.

கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை, கல்ச்சர் என்பார்கள், இரண்டு மூன்று நாள் எடுக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்து அதற்கு வேலை செய்யும் என்று அதுதான் சொல்லும். அந்தச் சலத்தை மருந்து தொடங்க முன்னம் கொடுக்கவேண்டும். கடும் காய்ச்சல் என்றால் வைத்தியர் சலத்தை எடுத்துவிட்டு, முடிவு வருமட்டும் காத்திராமல் மருந்து தொடங்குவார். அது சரியான முறைதான்.

கேள்வி: கிருமி மருந்து எடுத்தால் தாய்ப்பால் குடுக்கக்கூடாது எண்டு பக்கத்து வீட்டக்கா சொல்லுறா. பால்மா வாங்கவோ?
– றெட்பானா

பதில்: வாங்காதீங்கோ. சலத்தொற்றுக்கு வழமையாகக் கொடுக்கிற அமொக்சிசிலின், கோ-அமொக்சிகிளேவ், செபலெக்சின் போன்ற மருந்துகளோடு பால் கொடுக்கலாம். பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகவில்லை என்றால் நைற்றோபியூரன்ரொயின் போன்ற சிலதை வைத்தியர் தவிர்ப்பார். அதனால் மருந்து எழுத முன்னமே "பால் குடுக்கிறன், பிள்ளைக்கு இத்தனை நாள்" என்று சொல்லுங்கோ. பிள்ளைக்கு வயிறு கொஞ்சம் இளகலாம், வாயில் வெண்படலம் வரலாம், வந்தால் காட்டுங்கோ. பாலை நிப்பாட்டினால் மார்பு கட்டி இன்னொரு காய்ச்சல் வரும்.

கேள்வி: போன வருசம் தங்கச்சிக்குக் குடுத்த குளிசை மிச்சம் இருக்கு. அதே வருத்தம்தானே?
– தொட்டியடி

பதில்: அதே வருத்தமா என்று உங்களுக்கும் தெரியாது, குளிசைக்கும் தெரியாது. மிச்சம் இருந்ததே முதல் பிழை: தங்கச்சி எரிவு நின்ற உடனே நிப்பாட்டியிருக்கிறா. அரைகுறையாய் அடிபட்ட கிருமிதான் அடுத்த தரம் அந்த மருந்துக்கு அசையாமல் நிற்கும். பாமசியில் போய் "சலக்கடுப்புக்கு ரெண்டு குளிசை தாங்கோ" என்று கேட்பதும் இதே பிழைதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியரும் சோதனையும் மருந்தும் காசில்லாமல் கிடைக்கிற நாட்டில் இருந்துகொண்டு இந்தச் சூதாட்டம் எதற்கு?

கேள்வி: சிறுபூளை, நெருஞ்சி, பார்லி. எது நல்லது?
– உடையார்கட்டு

பதில்: பார்லித்தண்ணி குடியுங்கோ, இளநி குடியுங்கோ; உள்ளே தண்ணி போகிறதே, சந்தோசம். மூலிகைக் கசாயம் குடிப்பதாயின் பால் கொடுக்கிற தாய் என்று பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் சொல்லிக் கேட்டுக் குடியுங்கோ. காய்ச்சல் வந்துவிட்டால் எந்தக் கசாயத்துக்கும் காத்திருக்க நேரமில்லை.

கேள்வி: நாலு பிள்ளைத் தாய். கடைசிப் பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள். நேற்றுப் பின்னேரம் குளிர்ந்து நடுங்கினது. பனடோல் போட்டன், விட்டிட்டுது. இப்ப முதுகுப்பக்கம் ஒரு பக்கமா நோகுது, சத்தியும் வருது. பால் கட்டினதோ?
– விசுவமடு

பதில்: இந்தக் கடிதத்துக்குப் பதில் அச்சில் வருமட்டும் நான் வைத்திருக்கவில்லை, கிடைத்த அன்றே சொல்லவேண்டியதைச் சொல்லி அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பிள்ளை பெத்தவளுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல், விலா எலும்புக்குக் கீழே முதுகில் ஒரு பக்க நோவு, சத்தி. இந்த மூன்றும் சேர்ந்தால் கிருமி சலப்பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது என்றுதான் முதலில் நினைக்கவேண்டும். பனடோல் காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமியைத் தொடாது. "விட்டிட்டுது" என்று நம்பி ஒரு இரவு இழந்தால் கிருமி இரத்தத்தில் ஏற நேரம் கொடுத்ததாகும். நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கல், கைகால் சில்லிடல், மயக்கம், பிதற்றல், சலம் வற்றிப்போதல் எல்லாம் அது ஏறிவிட்டதன் அடையாளங்கள்.

பால் கட்டினால் மார்பு இறுகிச் சிவந்து அங்கேதான் நோகும். கருப்பைக் கிருமி என்றால் தீட்டு நாறும், அடிவயிறு நோகும். மாரிகாலத்தில் டெங்குவும் உண்டு. எது என்று பிரித்துப் பார்ப்பது வைத்தியரின் வேலை. ஒரு பிள்ளை பெத்தவளுக்குக் காய்ச்சல் என்பதே ஆஸ்பத்திரிக்குப் போகப் போதுமான காரணம். நாளம் வழியாக மருந்து ஏற்றவேண்டி வரும். பிள்ளையையும் கொண்டு போங்கோ. பால் கொடுத்துக்கொண்டே வைத்தியம் செய்யலாம்.

துடக்குக் கழியாமல் படலை தாண்டக்கூடாது என்று யாரும் மறித்தால் சொல்லுங்கோ: முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிக்க, தாய் முப்பத்தொராம் நாள் உயிரோடு இருக்கவேண்டும்.

கேள்வி: எங்கட பக்கம் கிணத்துத் தண்ணி சவர். சலக்கடுப்பு வந்தால் கிட்னி பழுதாகுமோ? வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தம் எண்டு கேள்விப்பட்டிருக்கிறம்.
– தேராவில்

பதில்: இரண்டும் வேறு. அனுராதபுரம், பொலநறுவைப் பக்கம் 1990களில் தொடங்கித் தெரியவந்த சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் இருக்கிறது. அது எரிவும் காய்ச்சலும் இல்லாமல் வருடக்கணக்கில் மெதுவாய் வருவது. சலத்தொற்று சத்தம் போட்டுக்கொண்டு வருகிறது. நேரத்துக்கு மருந்து எடுத்தால் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப வந்தால்தான் கல்லோ வேறு அடைப்போ இருக்கிறதா என்று ஸ்கான் பண்ணவேண்டும். சவர்த் தண்ணி குடிக்கப் பிடிக்காமல் தண்ணியையே குறைப்பதுதான் உங்கட பக்கத்தில் நடக்கிற உண்மையான கேடு. வடிகட்டின தண்ணி வாங்கக் காசு செலவழிப்பதாயின், அந்த வீட்டில் முதல் கோப்பை பால் கொடுக்கிறவளுக்கு.

கேள்வி: ஆம்பிளை டொக்டரிட்டை இதை எப்பிடிச் சொல்லுறது?
– பத்தொன்பது வயதுத் தாய்

பதில்: மிட்வைஃபிடம் சொல்லுங்கோ, அவ சொல்லுவா. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கின காலந்தொட்டு இந்த நாட்டில் மிட்வைஃப் வீடு தேடி வருகிறா. பிரசவம் முடிந்து முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம் உங்கட வீட்டுக்கு வரவேண்டும், அதற்குப் பிறகும், ஆறு கிழமை முடியமுன், வரவேண்டும். பிள்ளையின் தொப்புளைப் பார்க்க மட்டும் அவ வருவதில்லை. பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு, அறைக்குள் கூட்டிப்போய் உங்கட கதையைச் சொல்லுங்கோ. வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லி அனுப்புங்கோ.

கேள்வி: எப்ப சேர்ந்து இருக்கலாம்?
– கணவர், ஊர் வேண்டாம்

பதில்: அவ சொல்லும்போது. காயம் ஆறி, தீட்டு நின்று, ஆறு கிழமைச் சோதனை முடிந்த பிறகு என்றால் நல்லது. பால் கொடுக்கிற காலத்தில் அந்த இடம் வறண்டிருக்கும், நோகும், அவசரம் வேண்டாம். முடிந்த உடனே அவ எழும்பிச் சலம் போகட்டும். சலத்தொற்று இருக்கும்போது வேண்டாம். கேட்டு எழுதின உங்கட அக்கறைக்கு நன்றி தம்பி.

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் தையல் வேலை. மூன்றாவது பிள்ளை. லீவு குறைவாம் எண்டு சொல்லுகினம். வேலைக்குப் போனால் ரொயிலற் போகவும் நேரம் பாக்கிறாங்கள்.
– தர்மபுரம்

பதில்: மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் என்பது பழைய சட்டம். 2018இல் திருத்திவிட்டார்கள், எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பால் கொடுக்க வேலைநேரத்தில் இரண்டு இடைவேளையும் சட்டத்தில் இருக்கிறது: பிள்ளை பராமரிக்கிற இடம் அங்கேயே இருந்தால் அரை மணித்தியாலப்படி, இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலப்படி. கேளுங்கோ. தனியக் கேட்கப் பயமென்றால் நாலுபேர் சேர்ந்து கேளுங்கோ, தொழில் திணைக்களத்துக்கு எழுதுங்கோ. ரொயிலற்றுக்குப் போகிற பெண்ணின் நிமிசத்தை எண்ணுகிற மேற்பார்வையாளர் அவளின் உடம்பில் கை வைக்கிறார். இதை இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அக்கா நாளைக்குப் பிள்ளையோட ஆஸ்பத்திரியிலிருந்து வாறா. அம்மா இல்லை, நான்தான் பாக்கவேணும். என்ன ஆயத்தம் செய்ய?
– தங்கச்சி, விசுவமடு

பதில்: அக்காவின் பாய்க்குப் பக்கத்தில் மூடி போட்ட தண்ணிச் செம்பும் கோப்பையும். மூலையில் இரவுக்கு வாளியும் திரையும். ரொயிலற் பாதைக்கு ஒரு பல்ப், இல்லாவிட்டால் ரோர்ச். காயம் கழுவ ஒரு தனிக் கோப்பை. பாட், சவர்க்காரம். ஒரு தேமாமீற்றர், காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மிட்வைஃபின் போன் நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கோ. பிள்ளையைப் பார்க்க வாற சனம் எல்லாம் "பால் குடிச்சுதோ, சலம் போச்சுதோ" என்று பிள்ளையைத்தான் கேட்கும். அக்காவை அந்தக் கேள்வி கேட்கிற ஆள் நீங்களாக இருங்கோ. ஒவ்வொரு நாளும், காலமையும் பின்னேரமும் கேளுங்கோ.

தேமாமீற்றர் 38 பாகையைத் தொட்டால் சாமமென்றாலும் 1990க்கு அழையுங்கோ. சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள்.